முழங்கைக்குக் கீழே ஒரு கை

லாஷியர் பே
செப்டம்பர் 12

ஆர்டிஸ்,

ஒருவர் திணறிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் சும்மா நிற்பதை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன். எனக்கே அது எப்போது வந்தது, உண்மையில் வந்ததா, இல்லை மனம் மரத்துப்போனதைத்தான் திறமை என்று சொல்லிக்கொள்கிறேனா, அதுகூடத் தெரியவில்லை.

நீ பதிலுக்காகக் கேட்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது. உன் மாணவிக்கு ஓர் இடம் வேண்டும். அதற்காகத்தான் இரண்டு வருட மௌனத்தைக் கலைத்திருக்கிறாய்.

டார்லீன் புஷேயைப் பற்றி நீ எழுதியதை இருமுறை படித்தேன். வயது நாற்பத்து நான்கு. பள்ளிச் சமையலறையில் பாதி ஆயுள். பள்ளிகளை ஒன்றாகச் சேர்த்தபோது வேலை போனது. நோயாளிகளைத் தங்கள் அன்றாட வேலையைத் தாங்களே செய்யப் பழக்கும் நம் தொழிலுக்கு வந்து, உன் கல்லூரியில் ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர் படிப்பில் சேர்ந்தாள். பாடத்தில் கெட்டிக்காரி. ஆனால் முதல் களப்பயிற்சியில் குழந்தைகளின் ஜிப்பையெல்லாம் தானே இழுத்துவிட்டுத் தோற்றுப்போனாள். இன்னொரு முறை தோற்றால் படிப்பிலிருந்தே நீக்கம். ஆக, நான் தேர்ச்சி என்று எழுதினால் அவளுக்கு ஒரு தொழில். எழுதாவிட்டால் ஒன்றும் இல்லை. இந்த அதிகாரத்தை நான் யாரிடமும் கேட்கவில்லை.

நான் வேலை பார்க்கும் இந்த மறுவாழ்வு இல்லத்தை நடத்தும் நிறுவனம், நோயாளியோடு இருக்கும் நேரத்துக்கு மட்டும்தான் காப்பீட்டில் பணம் வரும் என்பதை தினமும் எனக்கு நினைவூட்டுகிறது. மாணவிக்குச் சொல்லித்தரும் நேரம் அவர்களுக்கு நேரமே இல்லை. அதனால்தான் மாணவர்களை நிறுத்தினேன். நீ என்னைக் கோழை என்றாய்.

அனுப்பு. ஒரு நிபந்தனை. தொலைபேசி வேண்டாம், தொலைபேசியில் நீ என்னை எதற்கும் சம்மதிக்க வைத்துவிடுவாய். மின்னஞ்சலும் வேண்டாம், அதை நிறுவனம் படிக்கிறது. காகிதத்தில் எழுது.

லெனோர்

---

வீலர்
செப்டம்பர் 16

லெனோர்,

"அனுப்பு" என்ற ஒரு சொல்லுக்கு முன்னால் ஒரு பக்கம் புலம்பியிருக்கிறாய். உன் கணக்கில் அது உற்சாகம்தான்.

கோழை என்றதை நான் திரும்பப் பெறவில்லை. மாநாட்டில் சாப்பாட்டு வரிசையில், அத்தனை பேர் தட்டோடு நிற்கும்போது சொன்னேனே, அந்த இடத்தை மட்டும் திரும்பப் பெறுகிறேன்.

டார்லீனிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"அங்க சாப்பாடு எப்படி?" என்றாள்.

"நீ சாப்பிடப் போறியா, வேலை கத்துக்கப் போறியா?"

"எனக்கில்ல. அங்க இருக்கறவங்களுக்கு என்ன போடறாங்கன்னு கேட்டேன்."

இதுதான் அவள். கிளம்பும்போது கதவருகில் நின்று, "இந்தத் தடவை நான் எதையும் தொடமாட்டேன், ஆர்டிஸ். சத்தியமா" என்றாள். சொல்லிக்கொண்டே என் கோட்டின் காலரைச் சரிசெய்தாள்.

ஆர்டிஸ்

---

லாஷியர் பே
அக்டோபர் 5

ஆர்டிஸ்,

நீ அவளுடைய கைகளைப் பற்றிக் குறைவாகத்தான் சொன்னாய்.

ஏய்னோ சல்மெலா என்ற ஒருவரை அவளிடம் ஒப்படைத்திருக்கிறேன். எழுபத்தாறு வயது. பக்கவாதத்தில் வலது பக்கம் தளர்ந்துவிட்டது. ஏரிக்கரையில் தனி வீடு. மனைவி இறந்து வெகுநாளாயிற்று. விறகு அடுப்பைத் தவிர அந்த வீட்டில் வேறு சூடு கிடையாது. வீட்டுக்குப் போவதைத் தவிர அவருக்கு வேறு பேச்சும் கிடையாது.

முதல் நாள் காலுறையை எடுக்க அவர் குனிந்தார். அவர் நிமிர்வதற்குள் அது காலில் ஏறியிருந்தது. அவரே திகைத்துப் பார்த்தார்.

"யார் போட்டது, டார்லீன்?" என்றேன்.

"எதை?"

"காலுறையை."

குனிந்து பார்த்தாள். "அய்யோ. நானா?"

அவள் நடிக்கவில்லை. அதுதான் எனக்குக் கவலை.

மறுநாள் இரண்டு கோப்பைகளில் விளிம்புவரை காபி ஊற்றி, கைக்கு ஒன்றாகக் கொடுத்து, சிந்தாமல் நில் என்றேன். ஏய்னோ சட்டைப் பொத்தான்களோடு மல்லுக்கட்டினார். கோப்பைகள் நடுங்கின.

"அதுல ஒண்ணு எனக்காம்மா?"

"பொத்தானைப் போடுங்க, தர்றேன்."

"மிரட்டறா பாரு. என் பொண்டாட்டிகூட என்னை இப்படி மிரட்டினதில்ல."

"அவங்க எதுக்கு மிரட்டணும்? அவங்களே போட்டுவிட்டிருப்பாங்க."

"அது வாஸ்தவம்."

கடைசிப் பொத்தானை அவரே போட்டார். டார்லீனுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை. ஏய்னோ காபிக்குக் காத்திருந்தார்.

நான் சுலபத்தில் நம்புகிறவள் அல்ல. ஆனாலும் இந்த வாரம் அவள் கோப்பை இல்லாமலே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். விரல்கள் ஒன்றையொன்று நெரிக்கின்றன. ஆனால் நிற்கிறாள்.

லெனோர்

---

வீலர்
அக்டோபர் 19

லெனோர்,

பாதிப் பயிற்சி முடிந்ததும் நான் பார்வையிட வர வேண்டும் என்பது விதி. நான் வரும் நாளாகப் பார்த்து உனக்குப் பல் வலித்திருக்கிறது. சீக்கிரம் குணமாகட்டும்.

டார்லீன் என்னை இழுத்துக்கொண்டுபோய் உங்கள் பயிற்சிச் சமையலறையைக் காட்டினாள். அவள் கணவன் காயலான் கடையிலிருந்து ஒரு விறகு அடுப்பின் முகப்பைத் தூக்கிவந்து சுவரோரம் பொருத்தியிருக்கிறான். உண்மையான இரும்புக் கதவு, உண்மையான கட்டைகள். மின்சார அடுப்பில் முட்டை பொரிக்கக் கற்றுக்கொண்டு ஏய்னோவுக்கு என்ன லாபம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. வகுப்பில் நான் பல வருடமாகச் சொல்லும் ஒரே விஷயம் அது. முதல்முறையாக ஒருத்தி காதில் வாங்கியிருக்கிறாள்.

ஏய்னோ என்னிடம் கேட்டார்: "நீங்கதான் இந்தப் பொண்ணுக்குப் பெரிய டீச்சரா?"

"ஆமா."

"பாஸ் போட்டுடுங்க. அப்புறம் என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்க. ரெண்டு பேரும் உங்களுக்குத் தலைவலி குடுக்காம இருப்போம்."

தாழ்வாரத்தில் உன் மேலாளர் ப்ரென்டைப் பார்த்தேன். "மாணவி இருக்கறதால லெனோருக்கு இப்ப ரெண்டு கை கூடுதலா இருக்கு, கொஞ்சம் நோயாளிகளைச் சேத்துக் கொடுத்திருக்கோம்" என்று பெருமையாகச் சொன்னார். நான் சிரித்துவைத்தேன்.

அவள் உன் கண்ணெதிரேதான் வேலை செய்கிறாள், இல்லையா?

ஆர்டிஸ்

---

லாஷியர் பே
நவம்பர் 2

ஆர்டிஸ்,

நீ கேட்டதற்குப் பதில்: பெரும்பாலும்.

ஏய்னோ வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுப்புச் சோதனையைக் கடைசியாக வைத்தோம். கட்டையைத் தூக்கி, உள்ளே தள்ளி, கதவைச் சாத்தித் தாழிட வேண்டும். அந்த ஒன்றில்தான் அவர் வீடு தொங்கிக்கொண்டிருந்தது. கெட்டிலைத் தூக்குவதுவரை பார்த்தேன். முதல் கட்டையையும் பார்த்தேன். டார்லீன் ஓர் அடி தள்ளி, கையைக் கட்டியபடி நின்றாள். பிறகு பக்கத்து அறையில் ஒருவரைக் கழிப்பறைக்கு அழைத்துப்போக என்னைக் கூப்பிட்டார்கள். அவரும் என் நோயாளி. திரும்பி வந்தபோது மிச்சக் கட்டைகளும் உள்ளே இருந்தன. கதவு தாழிட்டிருந்தது. இருவரும் லாட்டரி விழுந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

"அவரேதான் பண்ணினார்!" என்றாள்.

"நானேதான்," என்றார் அவர்.

"உதவி தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அப்படி எழுதினால் காப்பீட்டுக்காரர்கள் அந்த வாரமே பணத்தை நிறுத்திவிடுவார்கள். முன்னேற்றம் இல்லை என்று எழுதினாலும் நிறுத்திவிடுவார்கள். எப்படியும் நிற்கப்போவதுதான். வீட்டுக்குப் போகும் பக்கமாக நிற்கட்டும் என்று நினைத்தேன்.

அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் பயிற்சி இருக்கிறது. இதே மாதிரி போனால் தேர்ச்சிதான்.

லெனோர்

---

வீலர்
நவம்பர் 6

லெனோர்,

உன் கடைசி வரியைத் துறைத்தலைவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "லெனோர் ரவுட்டியோவா எழுதியது?" என்று கேட்டு, தாளை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தார்.

பட்டமளிப்புப் பட்டியலில் டார்லீன் பெயரைச் சேர்த்துவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீ சொல். உன் வாயிலிருந்து வந்தால்தான் நம்புவாள்.

ஆர்டிஸ்

---

லாஷியர் பே
நவம்பர் 14

ஆர்டிஸ்,

நான் அவளிடம் சொல்லவில்லை. நல்லதாயிற்று.

போன வாரம் வந்த பனிப்பொழிவுக்குப் பிறகு, சாலையில் பனி தள்ளும் வண்டிக்காரர் ஏய்னோ வீட்டுப் புகைபோக்கியில் புகை இல்லாததைப் பார்த்து உள்ளே போயிருக்கிறார். அடுப்பின் கதவு திறந்து கிடந்தது. ஒரு கட்டை பாதி உள்ளே, பாதி வெளியே, தரைப்பலகை கருகியிருந்தது. தண்ணீர் ஊற்றித் தானே அணைத்திருக்கிறார். அந்தத் தண்ணீரில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, குளிரில் அங்கேயே கிடந்திருக்கிறார்.

உயிர் இருக்கிறது. அறுவைச் சிகிச்சை முடிந்து இங்கேதான் கொண்டுவந்தார்கள். ஆனால் எங்கள் தளத்துக்கு அல்ல, மாடிக்கு. நிரந்தரமாக இருப்பவர்களின் தளம் அது. அங்கிருந்து யாரும் வீட்டுக்குப் போனதாக எனக்கு நினைவில்லை.

ஒருவர் விழுவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். நான் அப்படித்தான் எழுதியிருப்பேன். நேற்று டார்லீன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"என் கை அங்க இருந்துச்சு, லெனோர்."

"எங்கே?"

"ஏய்னோ முழங்கைக்குக் கீழ. நீங்க வெளிய போனப்புறம், மத்த கட்டைகளுக்கு. தாங்கிட்டே இருந்திருக்கேன். எனக்கே தெரியாது."

"தெரியாததை இப்போ எப்படிச் சொல்றே?"

"ராத்திரி என் வீட்டுக்காரர் அடுப்புல கட்டை வெச்சாரு. நான் பக்கத்துல நின்னேன். திடீர்னு திரும்பி, 'என் முழங்கைக்குக் கீழ கையை நீட்டிட்டு என்ன, பிச்சையா கேக்கறே?'ன்னு சிரிக்கறாரு. குனிஞ்சு பாத்தா என் கை அங்க இருக்கு. அந்த எடம் கைக்குப் பழகியிருக்கு, லெனோர். அந்தக் கனம் எனக்கு ஞாபகம் வருது. அது என் வீட்டுக்காரரோட கை இல்ல, ஏய்னோவோடது."

மாடிக்குப் போய் ஏய்னோவைக் கேட்டேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"அந்தப் பொண்ணு என்னைத் தொடவே இல்ல. எழுதிக்கோ."

"அவளே சொல்றா."

"அவ பொய் சொல்றா. நான் வழுக்கி விழுந்தேன். முடிஞ்சுது. போ."

மதிப்பீட்டுத் தாளில் எத்தனையோ வரிகள் உண்டு. உனக்குத் தெரியும், பாதுகாப்பு என்ற வரியில் தோற்றால் மற்ற எல்லாவற்றிலும் தேறினாலும் தோல்விதான். அதற்கு அடுத்த வரி நேர்மை. அதில் நான் இதுவரை யாருக்கும் போடாத உயர்ந்த மதிப்பெண்ணை இவளுக்குப் போட வேண்டியிருக்கும்.

லெனோர்

---

வீலர்
நவம்பர் 17

லெனோர்,

அப்படி எழுதாதே.

நோயாளி தொடவில்லை என்கிறார். நீ பார்க்கவில்லை. மிச்சம் இருப்பது அவளுடைய நினைவு ஒன்றுதான். குற்ற உணர்ச்சியில் மனிதர்களுக்கு எதுவும் நினைவுக்கு வரும். அந்த அறையில் இருந்திருக்க வேண்டியவள் நீ. தோற்கடிப்பதென்றால் முதலில் உன்னைத் தோற்கடித்துக்கொள்.

நான் இதை எத்தனை வருடமாகப் பார்க்கிறேன் தெரியுமா? நோயாளியை ஏறெடுத்துப் பார்க்காமல் கணினியைத் தட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ச்சி போட்டு அனுப்புகிறார்கள். அவர்கள் தப்பே செய்வதில்லை, ஏனென்றால் பக்கத்திலேயே போவதில்லை. இவள் ஒருத்தி வாயைத் திறந்து உண்மையைச் சொன்னாள். அதற்கு இதுதான் பரிசா?

அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நீ தேர்ச்சி போட்டிருப்பாய். இதை யோசி.

ஆர்டிஸ்

---

லாஷியர் பே
நவம்பர் 20

ஆர்டிஸ்,

யோசித்தேன். சொல்லாமல் இருந்திருந்தால் தேர்ச்சி போட்டிருப்பேன். அடுத்த ஏய்னோவின் முழங்கைக்குக் கீழேயும் அந்தக் கை இருந்திருக்கும்.

தாள் இதோடு இருக்கிறது. பாதுகாப்பு வரியில் தோல்வி. அவளை எதிரே உட்காரவைத்து, வரிவரியாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்திட்டேன்.

"நானா இருந்தாலும் இப்படித்தான் போட்டிருப்பேன்" என்றாள். பிறகு, "உங்க கண்ணாடி அழுக்கா இருக்கு, குடுங்க" என்று வாங்கித் துடைத்துக் கொடுத்தாள். நான் தடுக்கவில்லை.

சோதனையின்போது நான் அறையில் இல்லை என்பதையும் எழுதினேன். நோயாளிகளின் எண்ணிக்கை அதற்குக் காரணம் என்பதையும். ப்ரென்ட் அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னார். "டார்லீனைப் பத்தின தாள்ல உன்னைப் பத்தி எதுக்கு?" என்றார். எடுக்கவில்லை. ஒரு பிரதி உனக்கு, ஒரு பிரதி நிறுவனத்துக்கு.

இதனால் யாருக்காவது நன்மை வரும் என்று நான் நினைக்கவில்லை.

லெனோர்

---

வீலர்
நவம்பர் 29

லெனோர்,

உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனால் அந்தப் பத்தி ஒரு வழியைத் திறந்திருக்கிறது.

மேற்பார்வையாளர் இல்லாத நேரத்தில் நடந்ததால் இந்தப் பயிற்சியை முழுமை பெறாததாகக் கருதலாம் என்று துறைத்தலைவர் ஒத்துக்கொண்டார். தோல்வி கணக்கில் ஏறாது. ஜனவரியில் புதிதாக எட்டு வாரம் செய்தால் போதும். ஆனால் டிசம்பர் பத்துக்குள் அவளுக்கு ஓர் இடம் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் உன் தாள் அப்படியே நிற்கும், அவள் நீக்கப்படுவாள்.

மாநிலத்தின் இந்த மூலையில் எனக்குத் தெரிந்த எல்லோரையும் கூப்பிட்டுவிட்டேன். மருத்துவமனைகள், பள்ளிகள், ஏரிக்கு அந்தப் பக்கம்கூட. ஆள் இல்லை, நேரம் இல்லை, அடுத்த வருடம் பார்க்கலாம். "முன்னாடியே ரெண்டு இடத்துல இருந்திருக்காளா?" என்று ஒருத்தி கேட்டாள். இழுத்தேன். தொலைபேசியை வைத்துவிட்டாள்.

ஓர் இடம்தான் மிச்சம். நீ. மறுபடி எடுத்துக்கொள். இந்த முறை அறையை விட்டு நகராதே.

டார்லீனிடம் இன்னும் சொல்லவில்லை. இல்லாத நம்பிக்கையை ஒருமுறை கொடுக்கப் பார்த்தேன். இன்னொரு முறை வேண்டாம்.

ஆர்டிஸ்

---

லாஷியர் பே
டிசம்பர் 4

ஆர்டிஸ்,

சரி.

சம்மதிக்க இரண்டு பக்கம் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். எழுத ஒன்றுமில்லை. எட்டு வாரமும் அவள் பக்கத்திலேயே நிற்பேன். மற்ற நோயாளிகளை வேறு யாரிடமாவது கொடுக்கட்டும், இல்லையென்றால் என்னை அனுப்பட்டும். அந்தக் கை எப்போது போகிறது என்று அவளுக்குக் காட்ட ஓர் ஆள் வேண்டும். அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இதைத் திருத்த முடியுமா என்று கேட்காதே. முயலலாம்.

நாளை காலை ப்ரென்டிடம் கேட்கிறேன். அவர் சரி என்றதும் இதைத் தபாலில் போடுகிறேன்.

லெனோர்

டிசம்பர் 5

ப்ரென்ட் சரி என்று சொல்லவில்லை. ஆனாலும் அனுப்புகிறேன், உனக்குத் தெரிய வேண்டும்.

காலையில் அவர் அறைக்குப் போனேன்.

"மாணவியா?" என்றார். "நீ அப்படி ஒரு கடுதாசி எழுதினதுக்கு அப்புறமா? மேலிடத்துலருந்து உத்தரவு வந்தாச்சு. எங்க இல்லம் எதுலயும் இனிமே மாணவர்கள் கிடையாது. வம்புன்னுட்டாங்க."

"ஒரே ஒருத்தி. எட்டு வாரம்."

"யாரு, டார்லீனா? அவ இங்கதான இருக்கா. மாடியில பராமரிப்பு வேலைக்கு ஆள் பத்தலன்னு கூப்பிட்டோம், சேந்துட்டா. நேத்துலருந்து வர்றா. கை வேகம் பிரமாதமாம்."

மாடிக்குப் போனேன். காலை உணவு நேரம். ஒரு மேசையைச் சுற்றி நான்கு பேர், எல்லோருக்கும் அவள் ஒருத்தி. சாம்பல் நிறச் சீருடை அவளுக்கு இறுக்கமாக இருந்தது. ஏய்னோவுக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க, லெனோர்" என்றாள். "அவரே சாப்பிட்டா ரொம்ப நேரமாகும். இன்னும் மூணு பேர் இருக்காங்க, தட்டெல்லாம் எடுக்க வந்துடுவாங்க."

ஜனவரியைப் பற்றி அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எதுவும் இல்லை.

ஏய்னோ என்னைப் பார்க்கவில்லை. கரண்டி வரும்போது வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அவருடைய இடது கை மேசைமேல் கிடந்தது. பக்கவாதம் தொடாத கை அது. விழுந்தபோதும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

கிண்ணம் காலியானதும் அவருடைய வாயைத் துடைத்துவிட்டு டார்லீன் அடுத்தவரிடம் நகர்ந்தாள்.